200 ரூபாய் லிவர்: வாங்குவதும் மாட்டுவதும்

பைக் நின்ற இடத்தில் சாய்ந்து விழுந்தாலும் முதல் அடி ஹேண்டில்பாரில் கையால் பிடிக்கிற லிவருக்குத்தான். நம் கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டத்தில் சந்தை நேரத்தில் நெருக்கி நிறுத்திய வரிசையில் யாராவது தன் வண்டியை இழுத்தால் போதும், பக்கத்து வண்டி சாயும். இடப்பக்கம் விழுந்தால் கிளட்ச் லிவர் வளையும், வலப்பக்கம் விழுந்தால் பிரேக் லிவரின் முனை போகும். ஷோரூமில் கேட்டால் பல நேரம் "ஆர்டர் போடணும்" என்பார்கள். ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலோ எடுத்த எடுப்பிலேயே ஒரு கேள்வி வரும்: "ஒரிஜினலா, லோக்கலா?"

லோக்கல் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். கிளட்ச் பக்கம் தாராளமாக லோக்கல் லிவர் போடலாம். முன்பக்கம் டிரம் பிரேக் (கேபிளால் இழுபடுவது) உள்ள வண்டி என்றால் பிரேக் பக்கமும் போடலாம். டிஸ்க் பிரேக் (ஆயில் அழுத்தத்தால் பிடிப்பது) உள்ள வண்டியில் மட்டும் ஒரு சோதனை இருக்கிறது. அதில் தேறாத லிவரை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், எவ்வளவு அழகாக இருந்தாலும், வண்டியில் வைக்கக் கூடாது. அந்தச் சோதனையைப் பற்றிக் கீழே கொஞ்சம் நீட்டியே எழுதியிருக்கிறேன். அவசரமாக இருப்பவர்கள் அதையாவது விடாமல் படியுங்கள்.

வாங்கும்போது

பழைய லிவரைக் கழற்றிக் கையோடு கொண்டு போங்கள். முனை உடைந்திருந்தால் பரவாயில்லை, ஒப்பிட வேண்டியது அடிப்பாகத்தைத்தான். கிளட்ச் லிவர் இல்லாமல் வண்டியை ஓட்டிப் போக முடியாது என்பதால் வேறு வண்டியிலோ பஸ்ஸிலோ போவது உத்தமம். ஒரே மாடலில் டிரம், டிஸ்க் இரண்டும் வருவதுண்டு. வருடம் மாறினால் யோக்கும் மாறும் (லிவரைத் தாங்கி ஹேண்டில்பாரில் நிற்கிற பாகத்தைத்தான் ஒர்க்‌ஷாப்பில் யோக் என்கிறார்கள்). ஆகவே வண்டிப் பெயரை மட்டும் சொல்லி வாங்கினால் இரண்டாம் தடவை கடைக்கு நடக்க நேரும். "இது எல்லாத்துக்கும் செட் ஆவும்ணே, ஒண்ணும் செய்யாது, கொண்டு போங்க" என்று கடைப்பையன் சொல்வான். அவன் சொல்வதைக் கேட்டுக்கொண்டே இரண்டு லிவரையும் கவுண்டரில் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள்.

முதலில் போல்ட் துளை. பழைய போல்ட்டை அதில் விட்டால் கையாலேயே இறங்க வேண்டும், ஆனால் லொடலொடவென்று ஆடக் கூடாது. அடுத்தது யோக்குக்குள் நுழைகிற காதின் கனம். பழையதைவிட மெலிந்திருந்தால் லிவர் மேலும் கீழும் ஆடும். ஒரு மெல்லிய வாஷர் போட்டு அதைச் சமாளித்துவிடலாம். கனம் கூடியிருந்தால் சிக்கிக்கொள்ளும், விட்ட இடத்துக்குத் திரும்பாது. அப்படிப்பட்டதை வாங்காதீர்கள்.

கிளட்ச் லிவரில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். போல்ட் துளைக்கும் கேபிள் முனை உட்காரும் துளைக்கும் இடையே உள்ள தூரம் பழையதில் உள்ளபடியே இருக்க வேண்டும். அது ஓரிரண்டு மில்லிமீட்டர் குறைந்தால் லிவர் பிடிக்க லேசாக இருக்கும், கடையில் அமுக்கிப் பார்க்கும்போது சந்தோஷமாகவும் இருக்கும். ஆனால் கேபிளை அது இழுக்கும் அளவும் குறைந்துபோகிறது. கிளட்ச் முழுதாக விடாது, சிக்னலில் நியூட்ரல் விழாது, கியர் மாற்றும்போது கடகடக்கும். பிறகு கிளட்ச் பிளேட்டைக் குறை சொல்லிக்கொண்டு ஒர்க்‌ஷாப் ஒர்க்‌ஷாப்பாக அலைய வேண்டியதுதான்.

முனையில் உருண்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். அழகுக்காக வைத்ததல்ல அது, விழும்போது லிவர் உடம்பில் குத்தி இறங்காமல் இருப்பதற்காக வைத்தது. பந்தய வண்டிகளுக்கான சர்வதேச விதியிலேயே அந்த உருண்டைக்கு 16 மில்லிமீட்டர் விட்டமாவது இருக்க வேண்டும் என்று உண்டு.

சிவப்பு, நீலம், தங்க நிறத்தில், கைப்பிடிக்கும் லிவருக்கும் உள்ள இடைவெளியை மாற்றும் ஆறு நிலை அட்ஜஸ்டரோடு ஜோடியாக வருகிற லிவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெட்டியில் 6061 அலுமினியம் (ஒரு அலுமினியக் கலவையின் எண்) என்று அச்சடித்திருப்பார்கள். கடையில் நின்றுகொண்டு அதைச் சரிபார்க்க வழியில்லை. பார்க்கக்கூடியது லிவரின் மூட்டு இணைப்பைத்தான். ஒரு கையால் அடிப்பாகத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் நுனியை மேலும் கீழும் ஆட்டுங்கள். புதிதாக இருக்கும்போதே ஆடுவது ஒரு மழைக்காலம் போனபின் எப்படி ஆடும் என்று யோசித்துப் பாருங்கள். மடங்கும் வகை லிவரை, மலிவான தரத்தில், பிரேக் பக்கம் போட நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். கம்பெனி லிவர் விழும்போது பெரும்பாலும் வளைந்துவிட்டுப் பிறகே உடையும், வீடு வரை வந்து சேரலாம். மட்டமான வார்ப்பு லிவர் வளையாமல் பட்டென்று ஒடியும்.

ஸ்கூட்டர்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 2019 ஏப்ரலில் 125 சிசி வரையுள்ள வண்டிகளுக்குக் குறைந்தபட்சம் சிபிஎஸ்ஸும் (இரு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் அமைப்பு), அதற்கு மேற்பட்டவற்றுக்கு ஏபிஎஸ்ஸும் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) கட்டாயமாக்கினார்கள். சிபிஎஸ் உள்ள ஸ்கூட்டரில் இடது லிவரைப் பிடித்தால் பின்பிரேக்கோடு முன்பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும். அதைப் பகிர்ந்து கொடுக்கும் அமைப்பு பெரும்பாலும் அந்த லிவரை ஒட்டியே இருக்கும். அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். இந்தக் கட்டுரை பைக்குக்கானது.

கையில் வேண்டியவை

10-ஆம் நம்பர் ஸ்பானர், கூடவே 8-ம் 12-ம். பட்டை ஸ்க்ரூடிரைவர், ஸ்டார் ஸ்க்ரூடிரைவர். சில வண்டிகளுக்கு ஆலன் கீ. கொஞ்சம் மண்ணெண்ணெய் அல்லது டீசல், பழந்துணி, கிரீஸ். டிஸ்க் பிரேக் என்றால் சிலிக்கான் கிரீஸ் சின்ன டியூப் ஒன்று தனியாக வாங்குங்கள். சாதாரண கிரீஸ் மாஸ்டர் சிலிண்டரின் (லிவருக்கு அருகே பிரேக் ஆயிலை அழுத்துகிற பாகம்) ரப்பரில் பட்டால் ரப்பர் உப்பிப்போகும்.

வண்டியை மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, கை வைப்பதற்கு முன் இரண்டு பக்கமும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கேபிள் எந்த வழியாகப் போகிறது, வாஷர் எந்தப் பக்கம் இருந்தது என்பதெல்லாம் கழற்றி அரைமணி நேரத்தில் மறந்துபோகும்.

கிளட்ச் பக்கம்

ரப்பர் மூடியைப் பின்னுக்குத் தள்ளினால் கேபிள் யோக்குக்குள் நுழையும் இடத்தில் ஒரு அட்ஜஸ்டரும் அதைப் பூட்டும் வளையமும் தெரியும். வளையத்தைத் தளர்த்தி, அட்ஜஸ்டரை உள்ளே முழுக்கத் திருகுங்கள். கேபிள் தளரும். அட்ஜஸ்டர், வளையம், யோக் மூன்றிலும் ஒவ்வொரு வெட்டு இருக்கும். மூன்றையும் ஒரே கோட்டுக்குக் கொண்டுவந்தால் கேபிள் அந்த வழியாக வெளியே வரும். அப்படியும் தளர்வு போதாவிட்டால் என்ஜின் பக்கத்து நட்டையும் தளர்த்துங்கள். இழுத்துப் பிடுங்க வேண்டாம்.

யோக்கின் அடியில் உள்ள நட்டைக் கழற்றி, மேலிருந்து போல்ட்டை எடுத்தால் லிவர் கையோடு வரும். கேபிள் முனையிலுள்ள ஈயக் குமிழைத் துளையிலிருந்து கீழே இறக்குங்கள். சில வண்டிகளில் அந்தக் குமிழ் ஒரு பித்தளை உருளைக்குள் இருக்கும், போல்ட் துளையிலும் ஒரு பித்தளை புஷ் இருக்கும். புது லிவரோடு இவை வராது. பழையதிலிருந்து எடுத்துப் போட வேண்டும், தொலைத்துவிடாதீர்கள்.

இப்போது கேபிளின் முனையை வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு இழை பிரிந்திருந்தாலும் கேபிளையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். இழை ஏன் பிரிகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். லிவரை ஒவ்வொரு முறை பிடிக்கும்போதும் அந்தக் குமிழ் துளைக்குள் கொஞ்சம் சுழன்று கொடுக்க வேண்டும். மலிவு லிவரின் துளையில் பிசிர் இருந்தால் குமிழ் சுழலாது, அதற்குப் பதிலாகக் கம்பி மடங்கும். மடங்கி மடங்கி ஒவ்வொரு இழையாக அறுந்து, என்றாவது பார்வதிபுரம் மேம்பாலத்தில் ஏறும்போது கையோடு வந்துவிடும். ஆகவே புது லிவரின் துளையைச் சின்ன அரத்தால் சுத்தம் செய்து, குமிழை வைத்துச் சுழற்றிப் பார்த்து, துளி கிரீஸ் தடவிய பிறகே மாட்டுங்கள்.

மாட்டும்போது முதலில் குமிழ், பிறகு லிவரை யோக்குக்குள் நுழைப்பது, பிறகு போல்ட். போல்ட் பழையதாகவே இருக்கட்டும், அது கம்பெனி இரும்பு. லிவரில் காசு மிச்சம் பிடிக்கலாம், போல்ட்டில் பிடிக்காதீர்கள். போல்ட் யோக்கில் மரையோடு இறங்கும் வகையாக இருந்தால், லிவர் தாராளமாக அசைகிற அளவுக்கு மட்டும் அதை முறுக்கி, ஸ்க்ரூடிரைவரால் பிடித்துக்கொண்டு அடியில் நட்டை இறுக்குங்கள். போல்ட்டையே இறுக்கினால் யோக்கின் இரு காதும் சேர்ந்து லிவரைக் கவ்விக்கொள்ளும். இறுக்கியபின் லிவரைப் பிடித்து விட்டால் தயங்காமல் தன் இடத்துக்குத் திரும்ப வேண்டும்.

அடுத்தது தளர்வு, மெக்கானிக்குகள் 'பிளே' என்பது. பெரும்பாலான வண்டிகளில் லிவரின் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் சும்மா அசைந்து, அதன் பிறகே கேபிள் இழுபட வேண்டும். சில கம்பெனிகள் இதையே யோக் பக்கத்து இடைவெளியாக 2–3 மில்லிமீட்டர் என்று கொடுக்கும். உங்கள் கையேட்டில் உள்ளதுதான் கணக்கு. தளர்வே இல்லாமல் வைத்தால் கிளட்ச் எப்போதும் பாதி பிடித்த நிலையில் இருக்கும். சமதளத்தில் தெரியாது. குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறைக்கு ஏறும்போது என்ஜின் கத்தும், வண்டி போகாது. பிளேட் கருகிய வாசனை வந்தபின்தான் பலருக்குப் புரியும்.

வளையத்தைப் பூட்டும்போது வெட்டுகள் ஒரே கோட்டில் நிற்காதபடி கொஞ்சம் திருப்பி வையுங்கள், இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் அதன் வழியாக இறங்கும். ஹேண்டில்பாரை இடமும் வலமுமாக முழுக்கத் திருப்பிப் பாருங்கள். தளர்வு மாறினால் கேபிள் எங்கோ சிக்கியிருக்கிறது. கிளட்ச் பிடித்தால்தான் ஸ்டார்ட் ஆகும் என்ற அமைப்புள்ள வண்டியில் அந்தச் சுவிட்சைப் புது லிவர் சரியாக அழுத்துகிறதா என்று, கியரில் போட்டு கிளட்ச்சைப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்து பார்த்துவிடுங்கள்.

பிரேக் பக்கம்

டிரம் பிரேக் என்றால் சொல்ல அதிகமில்லை. கிளட்ச் பக்கம் செய்ததையே செய்து, கடைசியில் சக்கரத்தின் பக்கத்து நட்டால் தளர்வைச் சரிசெய்யுங்கள். சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றினால் உரசாமல் சுற்ற வேண்டும்.

டிஸ்க் பிரேக்கில் கழற்றுவது இன்னும் எளிது. கேபிள் கிடையாது, நட்டும் போல்ட்டும் எடுத்தால் லிவர் வந்துவிடும். ஆயிலைத் தொட வேண்டியதில்லை, காற்றும் ஏறாது. உள்ளே உள்ள பிஸ்டனும் வெளியே விழாது, அதை ஒரு சர்க்ளிப் (வளையக் கிளிப்) பிடித்து வைத்திருக்கிறது. எளிதாக இருப்பதுதான் இதில் ஆபத்து. ஐந்து நிமிடத்தில் மாட்டிவிட்டு, அமுக்கினால் பிரேக் பிடிக்கிறது, முடிந்தது என்று கிளம்பிவிடுவார்கள்.

மாஸ்டர் சிலிண்டருக்குள் நடப்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். ஆயில் டப்பாவிலிருந்து சிலிண்டருக்குள் மிகச் சிறிய துளை ஒன்று இறங்குகிறது. லிவரை விட்டிருக்கும்போது பிஸ்டன் முழுதாகப் பின்னுக்கு வந்து அந்தத் துளையைத் திறந்து வைத்திருக்கும். லிவரைப் பிடித்ததும் பிஸ்டன் முன்னே போய்த் துளையைக் கடந்துவிடும், அதன் பிறகுதான் அழுத்தம் உண்டாகும். ஓட்டத்தில் டிஸ்க்கும் அதைக் கவ்வுகிற பேடும் சூடாகும்போது ஆயிலும் சூடாகி விரியும். விரிந்த ஆயில் அந்தத் துளை வழியாக டப்பாவுக்குத் திரும்பிப் போகும். கஞ்சிப் பானை மூடியை ஓரமாகத் திறந்து வைப்பதற்கும் இதற்கும் காரணம் ஒன்றுதான்.

லிவரின் அடிப்பாகத்தில் பிஸ்டனைத் தள்ளுகிற ஒரு மொட்டு இருக்கிறது. மலிவு லிவரில் அந்த மொட்டு கம்பெனி அளவைவிடக் கொஞ்சம் நீண்டிருந்தால் என்ன ஆகும்? லிவரை விட்டபிறகும் பிஸ்டன் முழுதாகத் திரும்பாது. துளை அடைபட்டே இருக்கும். வீட்டு முற்றத்தில் ஒரு குறையும் தெரியாது. நாகர்கோவிலில் இருந்து தக்கலை வரை நெரிசலில் பிரேக் பிடித்துப் பிடித்துப் போகும்போது ஆயில் விரியும், திரும்ப வழியில்லாமல் பேடைத் தள்ளும். பேட் உரசும், சூடு கூடும், ஆயில் இன்னும் விரியும். கடைசியில் நீங்கள் தொடாமலே முன்சக்கரம் பிடித்துக்கொள்ளும்.

அதனால் மாட்டும்போது இப்படிச் செய்யுங்கள். பழைய மொட்டையும் புது மொட்டையும் பக்கவாட்டில் வைத்து, போல்ட் துளையிலிருந்து அதன் நுனி வரையுள்ள தூரத்தை ஒப்பிடுங்கள். வெர்னியர் (நுண்ணிய அளவு பார்க்கும் கருவி) இருந்தால் நல்லது. மொட்டின் நுனியில் சிலிக்கான் கிரீஸ் ஒரு பொட்டு வையுங்கள். லிவரை நுழைக்கும்போது பிரேக் லைட் சுவிட்சின் சின்னக் குச்சியை விரலால் உள்ளே அமுக்கிக்கொள்ளுங்கள். அமுக்காமல் தள்ளினால் அது ஒடியும், சுவிட்சின் விலை லிவரின் விலையை எட்டிவிடும். போல்ட்டும் நட்டும் கிளட்ச் பக்கம் போலத்தான்.

பிறகு, முதலில் சொன்ன அந்தச் சோதனை: கண்ணை மூடிக்கொண்டு ஒரே விரலால் லிவரை மிக மெல்ல இழுங்கள். தொடக்கத்தில் கொஞ்ச தூரம் எதிர்ப்பே இல்லாமல் வர வேண்டும், அதன் பிறகு பிஸ்டனின் ஸ்பிரிங் விரலுக்குத் தெரிய வேண்டும். தொட்ட உடனே ஸ்பிரிங் தெரிந்தால் மொட்டு பிஸ்டனை ஏற்கெனவே தள்ளிக்கொண்டிருக்கிறது. அட்ஜஸ்டர் உள்ள லிவரில் ஒவ்வொரு நிலையிலும் இதைச் செய்யுங்கள். மூன்றாம் நிலையில் சரியாக இருப்பது ஆறாம் நிலையில் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

சந்தேகம் இருந்தால் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து உறுதி செய்யலாம். லிவரை லேசாகத் தொட்டு அசைக்கும்போது ஆயிலின் மேல் ஒரு சிற்றலையோ சின்னப் பீச்சலோ எழும்பினால் துளை திறந்திருக்கிறது. அசைவே இல்லையென்றால் அடைத்திருக்கிறது. முகத்தைக் குனிந்து வைத்துப் பார்க்காதீர்கள், கண்ணில் தெறிக்கும். டேங்க்கில் ஈரத்துணி போடுங்கள், பிரேக் ஆயில் பட்ட இடத்தில் பெயின்ட் உரியும், பட்டால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். டாட் 3, டாட் 4 ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் என்பதால் மழை நேரத்தில் இந்த வேலை வேண்டாம், மூடியையும் நீண்ட நேரம் திறந்து வைக்க வேண்டாம்.

மொட்டு நீளமாக இருக்கிறது என்று தெரிந்தால், "கொஞ்சம் அரம் போட்டுவிடலாம்" என்று யாராவது சொல்வார்கள். கிளட்ச் லிவரின் காதை அரத்தால் தேய்ப்பதில் தப்பில்லை. பிரேக் மொட்டைத் தேய்க்கக் கூடாது. கையால் தேய்த்த முகம் கோணலாகும், பிஸ்டனைக் கோணலாகத் தள்ளும், உள் ரப்பர் தேயும். லிவரைக் கடையில் திருப்பிக் கொடுங்கள். வாங்க மறுத்தால் போனது சில நூறு ரூபாய்.

மாறாக, மொட்டு குட்டையாக இருந்தால் தளர்வு கூடி, லிவர் கைப்பிடி வரை வந்துவிடும். முழுப் பலத்தோடு பிடித்துப் பாருங்கள், லிவர் கைப்பிடியைத் தொடக் கூடாது. குட்டை லிவர் போட்டு இரண்டு விரலால் பிடிக்கிறவர்கள், மற்ற இரண்டு விரலும் இடையில் நசுங்குகிறதா என்றும் பாருங்கள்.

பிரேக் லைட் லிவரைத் தொட்டவுடன் எரிந்து, விட்டவுடன் அணைய வேண்டும். எப்போதும் எரிந்துகொண்டே இருந்தால் பின்னால் வருகிறவனுக்கு நீங்கள் எப்போது நிற்கிறீர்கள் என்றே தெரியாது. ஆரல்வாய்மொழியிலிருந்து களியக்காவிளை வரை முதுகுக்குப் பின்னால் கல் லாரி வருகிற ஊர் இது.

லிவரின் கோணத்தை மாற்ற யோக்கைத் தளர்த்தினால், மாஸ்டர் சிலிண்டரின் பிடியில் 'அப்' என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது மேலே வர வேண்டும், மேல் போல்ட்டை முதலில் இறுக்கிப் பிறகு கீழ் போல்ட்.

ஓட்டிப் பார்ப்பது

முதல் ஓட்டம் நெடுஞ்சாலையில் வேண்டாம். பள்ளி மைதானமோ ஆளில்லாத தெருவோ போதும். நடக்கிற வேகத்தில் சில முறை, பிறகு 20 கிலோமீட்டர் வேகத்தில் சில முறை பிடித்துப் பாருங்கள். கிளட்ச் பிடித்துக் கியரில் நிற்கும்போது வண்டி முன்னே இழுக்கக் கூடாது.

டிஸ்க் வண்டியை அடுத்து நாலைந்து கிலோமீட்டர், பிரேக்கை அடிக்கடி பிடித்தபடி ஓட்டுங்கள். இறங்கி நியூட்ரலில் கையால் தள்ளுங்கள். கிளம்பும்போது உருண்ட மாதிரியே இப்போதும் உருள வேண்டும். தள்ளக் கனமாக இருந்தால் அந்த லிவர் வேண்டாம். டிஸ்க்கைத் தொட்டுப் பார்க்காதீர்கள், விரல் பொசுங்கும்.

உப்புக்காற்றும் இரண்டு மழையும்

நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி பக்கம் இருப்பவர்களுக்கு வருடம் முழுக்க உப்புக்காற்று வேறு. கலர் லிவரில் முதலில் துருப்பிடிப்பது லிவர் அல்ல, அதிலுள்ள இரும்பு ஸ்க்ரூவும் அட்ஜஸ்டரின் ஸ்பிரிங்கும். ஸ்பிரிங் இறுகிவிட்டால் அட்ஜஸ்டர் பாதி நிலையில் நின்றுவிடும். மாதம் ஒரு முறை நல்ல தண்ணீரில் கழுவி, உலர்ந்தபின் துளி எண்ணெய் விடுங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ மாற்றுகிறவர்கள் மரையில் கிரீஸ் தடவிப் போடுங்கள். அலுமினியத்தில் ஸ்டெயின்லெஸ் போட்டு உப்பும் சேர்ந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகும், ஸ்க்ரூ வராது. கடற்கரை ஊர்களில் போல்ட்டுக்குக் கிரீஸை அப்பவும் கூடாது, மணல் ஒட்டி அரைக்கும். மெல்லிய பூச்சுப் போதும்.

மாட்டி ஒரு வாரம் கழித்து இரண்டு நட்டையும் ஒரு முறை தொட்டுப் பாருங்கள்.

பழைய லிவர் வளைந்தது மட்டும்தான், கீறல் இல்லை என்றால் ஆக்கர் கடையில் (பழைய இரும்புக் கடையில்) போடாதீர்கள். 10-ஆம் நம்பர் ஸ்பானரோடு துணியில் சுற்றிச் சீட்டுக்கு அடியில் வையுங்கள். வழியில் எங்காவது முன்பிரேக் தானாக இறுகுவது போலத் தெரிந்தால் ஓரமாக நிறுத்தி ஆற விடுங்கள், சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஆறியபின் நட்டைக் கழற்றிப் போல்ட்டை உருவி லிவரை எடுத்தால் பிஸ்டன் பின்னுக்கு வந்துவிடும், சக்கரம் உருளும். பழைய லிவரை மாட்டி, நின்ற இடத்திலேயே இரண்டு முறை பிடித்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.